எட்டு மணி நேரக் குழம்பு

ஹைதராபாத்தின் இறைச்சிக் கடைகளில் மாட்டிறைச்சிக்கு விலங்கின் பெயர் வழங்குவதில்லை. அளவு மட்டுமே வழங்குகிறது. ஆட்டிறைச்சி ‘சோட்டே கா’, அதாவது சிறியதினுடையது. மாட்டிறைச்சி ‘படே கா’, பெரியதினுடையது. கடைக்காரரும் வாங்குபவரும் இதற்கு மேல் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் ‘பெரியது’ பெரும்பாலும் எருமை. சில வேளைகளில் உழைத்து ஓய்ந்த காளை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1977இல் இயற்றப்பட்ட சட்டம் பசுவையும் கன்றையும் வெட்டுவதைத் தடுத்தது. எருமையும் காளையும் வேலைக்கோ பாலுக்கோ இனப்பெருக்கத்துக்கோ பயன்படாதவை என்று சான்று பெற்றால் வெட்டலாம் என்றது. தெலங்கானாவிலும் நிலைமை அதுவே. விலையோ ஆட்டிறைச்சியின் விலையில் பாதியைத் தொடுவதில்லை. நகரத்தின் ‘கல்யாணி பிரியாணி’ இந்த விலை வேறுபாட்டின் மேல் நிற்பது. பீதர்ப் பகுதியின் கல்யாணி நவாபுகளோடு தொடர்புபடுத்தப்படும் அந்த பிரியாணியில் குங்குமப்பூ இல்லை; தக்காளியும் சீரகமும் தனியாவும் உண்டு; இறைச்சி ‘படே கா’. ஏழைகளின் பிரியாணி என்றே அதற்குப் பெயர்.

இந்த இறைச்சியைப் பற்றிய பொது விவாதம் கடந்த கால் நூற்றாண்டாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: எந்த விலங்கு? பண்டைய இந்தியாவில் மாட்டிறைச்சி உண்ணப்பட்டதைச் சான்றுகளோடு எழுதிய வரலாற்றாசிரியர் த்விஜேந்திர நாராயண் ஜாவின் நூலுக்கு 2001இல் தடையாணை வழங்கியது ஹைதராபாத்தின் உரிமையியல் நீதிமன்றம். 2012 ஏப்ரல் 15 அன்று உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் முன்னின்று நடத்திய மாட்டிறைச்சித் திருவிழா மோதலில் முடிந்தது. 2015 டிசம்பர் 10 அன்று மீண்டும் நடத்தத் திட்டமிட்டபோது உயர் நீதிமன்றம் இசையவில்லை. 2017 மே மாதம் கால்நடைச் சந்தைகளுக்கான ஒன்றிய அரசின் புதிய விதிகளை எதிர்த்துச் சென்னை ஐஐடியில் மாட்டிறைச்சி உண்ட மாணவர்களுள் ஒருவர் தாக்கப்பட்டார். அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடு இணைத்து 1948இல் எழுதிய நூல் தொடங்கி இன்றைய பட்டிமன்றங்கள் வரை, தட்டில் இருப்பது எதன் உடல் என்பதே வழக்கு.

அது முதன்மையான வழக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே தட்டு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. இந்தக் கறி வேக எவ்வளவு நேரம் ஆயிற்று? அந்த நேரம் யாருடையது? இந்தக் கேள்வி நூலகத்தில் பிறந்ததன்று. வாடகை அறை ஒன்றின் மூலையில், மின்சாரத்தில் மெல்ல வேகும் ஒரு பீங்கான் பானையருகே பிறந்தது.

அந்தப் பானைக்கு உரியவர் தமிழ் ஆய்வு மாணவி ஒருவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளின் அன்றாட வாழ்வுதான் ஆய்வுப் பொருள். நெட் உதவித்தொகை பெறாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் மாதம் 8,000 ரூபாய்தான் வருமானம். விடுதியில் மின்னடுப்புக்கு அனுமதி இல்லை. ஆகவே லிங்கம்பள்ளிப் பக்கம் மூவர் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். ஸ்லோ குக்கர் எனப்படும் அந்தப் பானை, ஆய்வை முடித்துவிட்டு ஊரைவிட்டுப் போன மூத்த மாணவர் ஒருவர் விட்டுச் சென்றது. மூன்றரை லிட்டர் கொள்ளளவு. கனத்த பீங்கான் உட்கலம், கண்ணாடி மூடி, ‘குறைவு’, ‘அதிகம்’, ‘சூடு காத்தல்’ என மூன்று நிலைகள் கொண்ட ஒரு திருகு. இந்தியச் சமையலறைகளில் அரிதான கருவி இது. நம் வீடுகளை ஆள்வது பிரஷர் குக்கர். எரிபொருளும் காலை நேரமும் பற்றாக்குறையான நாட்டில் அது ஆள்வதில் நியாயமும் இருக்கிறது.

ஞாயிறுதோறும் அவர் வாங்குவது காலின் சதை. கசாப்புக் கடைக்காரர்கள் உருதுவில் அதை ‘போங்’ என்பார்கள். அதனோடு மூளை நிறைந்த இரண்டு நல்லி எலும்புத் துண்டுகள். தொடையும் விலாவும் முதலில் விற்றுப்போகும்; கால் சதை கடைசி வரை தொங்கும். காரணம் எளிது. அது விரைவில் வேகாது. விலங்கின் உடலில் எந்தத் தசை அதிகம் உழைத்ததோ அந்தத் தசையே கடினமானது. நாள் முழுதும் உடலின் எடையைச் சுமந்து நின்ற, நடந்த, இழுத்த கால்களில் தசைநார்களைக் கட்டிப்போடும் இணைப்புத் திசு மிகுதி. அதன் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். வயது கூடக் கூட அந்தப் புரதத்தின் இழைகளுக்கிடையே பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். இளம் ஆட்டின் சதை அரை மணியில் வெந்துவிடுவதும், சான்று பெற்று வெட்டுக்கு வரும் முதிய எருமையின் கால் அவ்வாறு வேகாததும் இதனால்தான்.

கடினமான கறியை மென்மையாக்கும் வேதியியல் பொறுமையானது. 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்கத் தொடங்குகிறது. அப்போது தசை தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. வெந்தும் வேகாத கறி ரப்பர் போலிருப்பது இந்தக் கட்டத்தில்தான். பலர் இங்கே சலித்துப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். வெப்பத்தை 70 பாகைக்கு மேல் நெடுநேரம் நிறுத்தினால் அதே கொலாஜன் நீரை ஏற்று ஜெலட்டினாகக் கரைகிறது. இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. குழம்பு மாவோ தேங்காயோ சேர்க்காமலே திரள்கிறது, உதட்டில் ஒட்டுகிறது. மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் அல்வாவைப் போல் உறைந்திருக்கும்.

இதே மாற்றத்தைப் பிரஷர் குக்கர் ஏறத்தாழ 120 பாகையில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். குக்கரில் வெந்த கறி தரம் குறைந்தது என்பது உண்மையன்று. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. குக்கருக்கு ஆள் வேண்டும். விசில் எண்ண வேண்டும், தீயைக் குறைக்க வேண்டும், நீர் வற்றாமல் பார்க்க வேண்டும். ஸ்லோ குக்கரின் ‘குறைவு’, ‘அதிகம்’ ஆகிய இரு நிலைகளும் பெரும்பாலான மாதிரிகளில் இறுதியில் எட்டுவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஒரே வெப்பத்தைத்தான். எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் அமைந்த ஹைதராபாத்தில் நீர் கொதிப்பதே ஏறத்தாழ 98 பாகையில்தான். பானை அதற்கும் கீழே நின்று, குமிழி எழுப்பாமல், எட்டு மணி நேரம் வேலை செய்கிறது. சுமார் 200 வாட் மின்சாரம். எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. அந்த எட்டு மணி நேரத்தில் ஒருவர் வகுப்புக்குப் போய் வரலாம், ஓர் இயல் எழுதலாம், உறங்கலாம்.

கருவி பிறந்த கதையும் ஓய்வைப் பற்றியதுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்னும் யூதப் பொறியாளர் இதன் முன்னோடிக் கருவிக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் கழிந்த தம் இளமையைப் பற்றி அவருடைய தாய் சொன்ன கதையே தூண்டுதல். யூத மரபில் ஓய்வுநாளில் தீ மூட்டுதல் தகாது. ஆகவே வெள்ளி மாலை சூரியன் மறையும் முன், இறைச்சியும் அவரையும் பார்லியும் இட்ட பானையை ஊரின் ரொட்டி அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் எஞ்சிய வெப்பம் இரவெல்லாம் அதை வேக வைக்கும். மறுநாள் எடுத்து வந்து உண்பார்கள். ‘சோலண்ட்’ என்பது அந்த உணவின் பெயர். நாக்சனின் நிறுவனத்தை 1970இல் ரைவல் என்னும் நிறுவனம் வாங்கியது. 1971இல் ‘க்ராக்-பாட்’ என்ற பெயரில் கருவி கடைக்கு வந்தது. வீட்டுக்கு வெளியே வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலம் அது. காலையில் வைத்துவிட்டுப் போய் மாலையில் வந்து உண்ணலாம் என்பதே அதன் வணிகம்.

ஹைதராபாத்துக்கு இந்தக் கதை புதிதன்று. ‘நஹாரி’ என்ற சொல், பகலைக் குறிக்கும் ‘நஹார்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரவெல்லாம் வெந்து, விடியற்காலைத் தொழுகைக்குப் பின் உண்ணப்படும் குழம்பு. தில்லியில் மாட்டின் கால் சதை அதன் அடிப்படை. ஹைதராபாத்தில் ஆட்டுக்காலும் நாக்கும் சேர்வது வழக்கம். இந்நகரத்து நஹாரியின் தனி மணத்துக்குக் காரணம் ‘போட்லி மசாலா’ எனப்படும் துணி முடிச்சு. கல்பாசி, வால்மிளகு, சிற்றரத்தை, வெட்டிவேர், சந்தனம், உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றைத் துணியில் கட்டிக் குழம்பில் போட்டு, வெந்ததும் எடுத்துவிடுவார்கள். பெயர்களை வரிசையாகப் படித்தால் நாட்டு மருந்துக் கடையின் பட்டியல் போலிருக்கும். தமிழர்க்கு ஒன்றுகூட அந்நியமில்லை.

ரம்ஜான் மாதத்தில் தெருவெங்கும் எழும் செங்கல் பட்டிகளில் வேகும் ஹலீமும் அப்படித்தான். கோதுமையும் இறைச்சியும் பத்து மணி நேரம் வெந்து, மரத்தடிகளால் இடித்துக் குழைக்கப்படும். 2010இல் ஹைதராபாதி ஹலீம் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு இறைச்சியின் வகையையும் நெய்யின் தரத்தையும் வேகும் நேரத்தையும் பேசுகிறது. பட்டியின் அனலில் இரவெல்லாம் நின்று மரத்தடியால் இடிக்கும் கைகளின் கூலி அதன் பொருளன்று. மெதுவாக வெந்த உணவை நாம் புகழும்போது பெரும்பாலும் உண்பவரின் நிதானத்தைப் புகழ்கிறோம். கிளறுபவர் அந்த நிதானத்தின் கணக்கில் வருவதில்லை.

தங்கவயலிலிருந்து வந்த மாணவியின் பானையில் இரு ஊர்களும் கலக்கின்றன. ஒரு கிலோ கறி. எலும்பும் சேர்த்தே ஒரு கிலோ. துண்டுகள் பெரியவை, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு; சிறிதாக நறுக்கினால் எட்டு மணி நேரத்தில் நூலாகப் பிரிந்துவிடும். உப்பும் மஞ்சளும் தடவி அரை மணி வைத்த பின், இரும்புச் சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, துண்டுகளை நெருக்காமல் நான்கைந்தாகப் போட்டு எல்லாப் பக்கமும் பழுப்பேற வறுப்பார். இந்த ஒரு வேலையைப் பானை செய்யாது. வறுபட்ட கறியின் மணம் 140 பாகை அளவில்தான் பிறக்கும். நீர் உள்ள கலத்தில் அவ்வளவு வெப்பம் ஏறாது. அதே சட்டியில் மூன்று வெங்காயமும் இஞ்சி பூண்டு விழுதும் இரண்டு தக்காளியும் வதங்கும். ஆயா அரைத்து அனுப்பும் மிளகாய் மல்லித் தூள் மூன்று கரண்டி, சோம்பு அரைக் கரண்டி. ஒரு குவளை நீர் ஊற்றிச் சட்டியில் ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுப்பார்.

பானையின் அடியில் முதலில் நூக்கலும் கேரட்டும் உருளைக்கிழங்கும். கிழங்கு வகைகள் கறியைவிட மெதுவாக வேகும் என்பதைப் பலர் நம்புவதில்லை. குறைந்த வெப்பத்தில் அதுவே நடக்கிறது. ஆகவே அவை சூடேறும் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். அவற்றின் மேல் கறியும் எலும்பும், பிறகு வதக்கியது, நடுவே பழைய நகரத்தில் வாங்கிய போட்லி முடிச்சு. இதற்கு மேல் நீர் வேண்டாம். மூடிய பானையில் ஆவி வெளியேறாது. கறியும் தக்காளியும் விடும் நீரே போதும். வழக்கமான குழம்பைப் போல் நீர் ஊற்றியவர்களுக்கு ரசம்தான் கிடைக்கும். மூடியை இடையில் திறந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழந்த வெப்பத்தை மீட்க இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். உறைந்த கறியை நேராக இடலாகாது. 60 பாகைக்குக் கீழே அது நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிரிகள் பெருகும். ராஜ்மா சேர்க்க விரும்பினால் ஊற வைத்துத் தனியே பத்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே சேர்க்க வேண்டும். அதிலுள்ள நச்சுப் புரதம் மிதமான வெப்பத்தில் அழிவதில்லை. நடுவே மின்சாரம் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரவில்லையென்றால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிட வேண்டும்.

பானையால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அறை எடுத்த நாளிலேயே மூன்று பெண்களும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள்: இறைச்சி உண்போம், சமைப்போம். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. “கறி சமைத்துக்கொள்ளுங்கள், வாசனை மட்டும் வெளியே வரக் கூடாது” என்றார். நகரங்களின் வாடகை ஒப்பந்தங்களில் எழுதப்படாத விதி இது. உணவு தடை செய்யப்படவில்லை. உணவின் சான்று தடை செய்யப்படுகிறது. பிரஷர் குக்கர் விசிலால் காட்டிக்கொடுக்கும். ஆனால் முக்கால் மணியில் அடங்கிவிடும். ஸ்லோ குக்கர் ஓசையே எழுப்பாது. வெட்டிவேரும் கல்பாசியும் மாட்டுக்கறியும் கலந்த மணத்தை எட்டு மணி நேரம் படிக்கட்டு வரை அனுப்பிக்கொண்டிருக்கும்.

அவர் கண்ட வழி, இரவு பத்து மணிக்குத் திருகைத் திருப்புவது. கட்டடம் உறங்கும் நேரத்தில் கறி வேகும். காலை ஆறு மணிக்கு அணைந்துவிடும். அது நஹாரியின் நேரம் என்பது பிறகுதான் தோன்றியது. ஆனால் ஒற்றுமை அந்த அளவோடு சரி. நஹாரி இரவில் வெந்தது விடியலில் பலர் கூடி உண்பதற்காக. இந்தப் பானை இரவில் வெந்தது பிறர் அறியாதிருப்பதற்காக. ஒரே எட்டு மணி நேரம் ஓரிடத்தில் வழக்கமாகவும் மற்றோரிடத்தில் தலைமறைவாகவும் இருக்கக்கூடும். பல்கலைக்கழக வளாகத்தில் மாட்டிறைச்சித் திருவிழா நடத்தியவர்கள் கேட்டது உண்ணும் உரிமையை மட்டுமன்று என்பது இங்கே விளங்குகிறது. உண்பதற்கு மறைவிடங்கள் எப்போதும் இருந்தன. அவர்கள் கேட்டது பகல் வெளிச்சத்தில் வேக வைக்கும் உரிமையை.

அறைத் தோழியர் இருவருள் ஒருவர் பாலக்காட்டுப் பெண். அவருக்கு இந்தக் குழம்பு ஊர் நினைவு. மற்றவர் கரீம்நகரைச் சேர்ந்தவர். ஆட்டுக்கறி உண்பார், இதை உண்ணார். முதல் ஞாயிறன்றே அவர் நேராகச் சொன்னார்: கரண்டி தனியாக இருக்கட்டும், மற்றபடி தமக்கு ஒன்றுமில்லை. அந்தத் தனிக் கரண்டி மூன்றாண்டுகளாகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றி எவரும் கட்டுரை எழுதவில்லை, தேவையும் இருக்கவில்லை. பானைக்கு மின்சாரம் போகிறதா என்று இரவில் எழுந்து பார்ப்பவர் பல நாள்களில் அவர்தான். ஆய்வேட்டின் நெருக்கடியில் அவர் உறங்குவதே மூன்று மணிக்குத்தான்.

மாணவியின் ஆய்வு தட்டுப்பட்டு நின்ற இடத்தைத் திறந்ததும் இந்தப் பானைதான். தங்கவயலின் சுரங்க வரலாறு நேரத்தால் நிரம்பியது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர்கள், அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள், அந்த ஆழத்தில் எட்டு மணி நேர ஷிப்டுகளில் உழைத்தார்கள். அவர் புரட்டிய ஆவணங்களில் இறங்கிய நேரம் இருந்தது, ஏறிய நேரம் இருந்தது, தாமதத்துக்குப் பிடித்த கூலி இருந்தது. லைன் வீடுகளில் அந்த எட்டு மணி நேரம் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை.

தொலைபேசியில் ஆயாவிடம் அவர் கேட்டது ஆய்வுக் கேள்வியன்று, சமையல் சந்தேகம். மாட்டுக்கால் கறியை அந்தக் காலத்தில் எந்த அடுப்பில் வைத்தார்கள் என்று கேட்டார். மரத்தூள் அடுப்பு என்றார் ஆயா. பழைய தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அடியில் பக்கவாட்டில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடிக்க வேண்டும். பாட்டிலையும் கட்டையையும் உருவினால் நடுவே குழாய் போல் வழி உண்டாகும். கீழிருந்து ஒரு சுள்ளியால் பற்ற வைத்தால் போதும். தூள் உள்ளிருந்து வெளியே மெல்லக் கனன்று, யாரும் ஊதாமல், விறகு தள்ளாமல், மணிக்கணக்கில் எரியும். வீட்டுப் பெண்கள் அதற்குள் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார்கள், ரேஷனுக்குப் போவார்கள், கூலி வேலைக்கும் போய் வருவார்கள்.

“எத்தன மணி நேரம் ஆயா வேக வெப்ப?” என்று கேட்டார் பேத்தி.

“மணி யாரு பாத்தாங்க கண்ணு? சங்கு ஊதி உங்க தாத்தா உள்ள எறங்குனா அடுப்புல வெப்பேன். மறுசங்கு ஊதுனா எறக்குவேன். மேல வர்ற மனுசனுக்குப் பல்லுக்கு வேல குடுக்கக் கூடாது.”

சுரங்கத்தின் ஷிப்டும் கறியின் வேக்காடும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன என்பதை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. கால் சதையை நிறுவனம் விதித்ததில்லை, மலிவு விதித்தது. மலிவான கறி நீண்ட நேரம் கேட்டது. நேரம் கையில் இல்லாதவர்கள் தாமே எரியும் அடுப்பைக் கண்டார்கள். மெதுவான சமையல் ஓய்வுள்ளவர்களின் ஆடம்பரம் என்று இன்றைய உணவு எழுத்துகள் சித்திரிக்கின்றன. லித்துவேனியாவின் ரொட்டி அடுப்பும் பழைய நகரத்தின் நஹாரிச் சட்டியும் தங்கவயலின் மரத்தூள் டின்னும் வேறு கதை சொல்கின்றன. அவை நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டவர்கள், அல்லது வேறொன்றுக்காக ஒதுக்கிவிட்டவர்கள், தீயிடம் கடன் வாங்கிய நேரம்.

ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கு இப்போது புதிய அட்டவணை ஒன்று உண்டு. இடப்பக்கம் ஷிப்ட் நேரங்கள். வலப்பக்கம் தங்கவயல் மூதாட்டிகள் சொல்லும் அடுப்பு நேரங்கள். இதுவரை பதினொரு பேர் பேசியிருக்கிறார்கள். சிலர் மாட்டுக்கறி என்ற சொல்லை ஒலிப்பதிவில் சொல்லத் தயங்கினார்கள். ‘கறி’ என்று மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் விரும்பியபடியே அவர் எழுதியிருக்கிறார். ஏன் தயங்கினார்கள் என்பதையும் அடுத்த பத்தியில் எழுதியிருக்கிறார். நெறியாளர் அந்தப் பத்தியின் ஓரத்தில், இதை விரித்து எழுதுங்கள் என்று குறித்திருக்கிறார்.

குழம்பு வெந்ததும் போட்லி முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை அகற்றி, ஒரு மூடி எலுமிச்சைச் சாறும் நறுக்கிய கொத்துமல்லியும் சேர்க்க வேண்டும். உப்பை அப்போதுதான் சரிபார்க்க வேண்டும். உடனே உண்ணலாம். அரைநாள் ஆறவிட்டுச் சூடேற்றி உண்டால் சாறு கறிக்குள் திரும்பிவிடும், சுவை கூடும். தங்கவயலில் அதற்குத் துணை ராகிக் களி. ஹைதராபாத்தில் நான்கு மூலை நான். ஒரு கிலோ கறி மூவருக்கு இரண்டு வேளைக்குப் போதும். கரீம்நகர்த் தோழி உண்ணாத வாரங்களில், அதாவது எல்லா வாரங்களிலும், மூன்று வேளைக்கு வரும்.